வெளுக்காத துணியில் ஒரு சட்டை

சாவீட்டுக்கென்று நினைத்துத்தான் கடைக்காரர் துணியை எடுத்தார். மருதனார்மடம் சந்தைக்கு எதிரே இருக்கும் பழைய துணிக்கடை அது. சாயம் போடாத, வெளுக்காத, முழுப் பருத்தித் துணியில் ஆக மலிவானது எது என்று நான் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. மேல்தட்டிலிருந்து ஒரு சுருளை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆர் பிள்ளை மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை ஐயா. சட்டை தைக்கப்போறன்.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். “பிள்ளை, உது போடுற துணியில்லை, போத்துற துணி. அங்காலை நல்ல கொட்டன் துணி கிடக்கு, பூப்போட்டது. அதைப் பாருமன்.”

“பூ வேண்டாம் ஐயா. இருநூறு வருசத்துக்கு முந்தி ஒரு பெட்டை போட்டிருக்கக்கூடிய சட்டை வேணும்.”

அவர் சற்று யோசித்தார். “அந்தப் பெட்டையும் இப்ப உயிரோடை இல்லைத்தானே” என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு அளவுகோலை எடுத்தார். வெட்டி மடித்துத் தரும்போது, “இப்பிடியான விசயத்துக்கு ஒரு முழம் கூட விட்டு வெட்டுறது என்ரை வழக்கம். உமக்கும் விட்டிருக்கிறன், வைச்சிரும்” என்றார். அவருடைய குரலில் இரக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. சைக்கிள் கூடையில் அந்தப் பொதியை வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை நான் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

அந்தச் சட்டை எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பை முடித்து, நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தபடி ஒரு சமூக அபிவிருத்தித் திட்டத்தில் நான் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. வரலாற்றை உடுத்துப் பார்க்கும் ஒரு சிறிய குழுவில் சேர்ந்திருந்தேன். ஞாயிறு பின்னேரங்களில், நல்லூரில் ஒரு கல்வி நிலையத்தின் வகுப்புகள் முடிந்த பிறகு, அதன் வாங்கு மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடுவோம். பழைய காலத்து உடைகளையும் பொருட்களையும் எங்கள் கையாலேயே செய்து, அவற்றை அணிந்துகொண்டு பாடசாலைகளுக்குப் போய், பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து காட்டி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதே எங்கள் வேலை. எவரிடமும் பணம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் உடையைத் தாமே மலிவாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

குழுவின் பொறுப்பாளர் வலிகாமத்துச் சைவக் கமக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’. நெற்றியில் திருநீறு காயும் முன்னரே எங்களிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்: “ஆதாரம் எங்கை?” ஒரு பொத்தானைக் காட்டினாலும் அதே கேள்வி; ஒரு செருப்பைக் காட்டினாலும் அதே கேள்வி. அவரே ஒல்லாந்தர் காலத்துக் கணக்கப்பிள்ளையாக வேடம் பூண்டிருந்ததற்கும் அதுதான் காரணம். “ராசா என்ன உடுத்தவர் எண்டு ஆருக்கும் வடிவாத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்குப் படம் இருக்கு” என்பார். இருந்தும், குழுவில் மூன்று ராசாக்கள் இருந்தார்கள். குடிமக்கள் என்று ஒருவர்கூட இல்லை.

நெல்லியடிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலை தங்கள் வரலாற்று விழாவுக்கு எங்களை அழைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. குழுவில் இருந்த ஒரே பெண் நான். ராசாக்களில் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று சாமரம் வீசலாம் என்று அவர்கள் பெருந்தன்மையோடு சொன்னார்கள். எனக்குச் சாமரத்தின் மீது பகை எதுவும் இல்லை. ஆனால் மைதானம் நிறையப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். இந்த மண்ணின் பழைய காலத்தில் பெண்கள் காற்று வீசிக்கொண்டு நின்றார்கள் என்ற ஒரே படத்தை நானே அவர்கள் மனத்தில் பதித்துவிட்டு வந்தால், பிறகு அதை யார் அழிப்பது?

“நான் ஒரு சாதாரணப் பெண்ணா நடக்கிறன், அண்ணை” என்றேன்.

“நடவும். நல்லதுதானே. ஆனால் அந்தக் காலத்துச் சாதாரணப் பெண் எண்டால்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ராசாக்கள் மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

அவர் முடிக்காத வாக்கியம் எல்லோருக்கும் விளங்கியது. அன்றைய சாதாரணப் பெண்கள் பலர் மேற்சட்டை அணியவில்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருந்தது. சிலருக்கு அது வழக்கம். வேறு சிலருக்கோ அணிவதற்கு அனுமதியே இருக்கவில்லை. யார் எதை உடுக்கலாம், எதை உடுக்கக்கூடாது என்று சாதி தீர்மானித்த காலம் அது. உண்மையை அப்படியே காட்டுவது என்னால் முடியாது. இருந்ததை இல்லை என்று மூடிக்கொண்டு நடக்கவும் எனக்கு மனமில்லை. பல நாள் யோசித்த பின்னர்தான் வழி பிறந்தது. சட்டை இல்லாத காலத்துக்கும் சட்டை சாதாரணமாகிவிட்ட காலத்துக்கும் நடுவே, தன் கையால் தைத்த சட்டையை முதல்முதலாகப் போட்டுக்கொண்ட ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? மிசன் விடுதிப் பள்ளிகளின் முதல் தலைமுறைப் பெண்பிள்ளைகள் வாசிப்போடு தையலும் படித்தவர்கள். தாங்கள் தைத்ததையே தாங்கள் அணிந்தார்கள் என்று எங்கள் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். நான் அவர்களில் ஒருத்தியாக நடப்பேன்.

“வீட்டுக் கதை ஆதாரமில்லை” என்றார் அண்ணை. “ஆனால் தையல் வகுப்பு நடந்ததுக்கு ஆதாரம் இருக்கு. நானும் வாசிச்சனான்.” பிறகு கண்ணில் ஒரு குறும்போடு, “உங்கடை ஆக்கள் சட்டையோடை சமயத்தையும் சேர்த்தெல்லோ குடுத்தவை!” என்றார்.

“ஓம் அண்ணை. பிள்ளையள் கேட்டால் ரண்டையும் சொல்லுவன்.”

“அப்பிடியெண்டால் சரி. ஆனால் ஒரு தையல்கூட மெசின் தையலா இருக்கக்கூடாது. விழாவுக்கு முந்தின ஞாயிறு நான் பாப்பன். பிழைச்சால் சாமரம்தான்.”

துணியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார். கடைக்காரர் கேட்டதை நான் சிரித்துச் சிரித்துச் சொல்ல, அம்மாவும் சிரித்தார். “நாங்கள் உதுகளெல்லாம் பாக்கிறேல்லை” என்றார், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான எங்கள் குடும்பத்தின் முழுக் கௌரவத்தோடும். “எண்டாலும் அதைக் கிணத்தடியிலை ஒருக்கா அலசிப்போட்டு உள்ளுக்கை கொண்டு வா.” நான் அலசினேன். அம்மா வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தோடு பின்னால் வந்து நின்றார். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வெள்ளைகளைக் கண்கூச வைத்துப் பழகிய கை அது. மங்கலான ஒரு துணியை அப்படியே கொடியில் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு முடியவில்லை. நீலப் போத்தலை வாங்கிக் கிணற்றுக் கட்டுக்கு மறுபக்கம் வைத்த பின்னர்தான் எனக்கு நிம்மதி வந்தது.

மற்றப் பொருட்களைச் சேர்த்தபோது ஒன்றை மகிழ்ச்சியோடு கண்டுகொண்டேன். ராசாக்கள் மூவரும் சரிகைக்கும் வெல்வெற்றுக்கும் கல்மணிக்கும் அலைந்து கடன்பட்டுக்கொண்டிருக்க, எனக்கு வேண்டியவையோ ஏறத்தாழச் சும்மாவே கிடைத்தன. சாயம் போடாத பனையோலைப் பெட்டி சந்தையில் மலிவு. ஓலை நறுக்குகளை நானே வாரி, அவித்து, காயவைத்தேன். எழுத்தாணிக்குக் கூர் தீட்டிய ஒரு இரும்புக் கம்பி. பொத்தானுக்குப் பதில் அதே துணியில் முடிச்சுக் கயிறு. செருப்பு இல்லை; அது மிச்சம். ஏழைகளின் வரலாற்றை வாங்குவது மலிவு, நிரூபிப்பதுதான் கடினம் என்று அண்ணையிடம் சொன்னேன். “வங்கியிலையும் அப்பிடித்தான்” என்றார் அவர்.

விட்டுக்கொடுக்க மிகவும் கடினமாக இருந்தது என் மூக்குக்கண்ணாடி. அது இல்லாவிட்டால் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் உலகம் எனக்கு நனைந்த ஓவியம். ஆனாலும் விடுதிப் பள்ளிப் பெட்டைக்கு ஏது கண்ணாடி? மைதானத்தில் மட்டும் கழற்றுவது என்று உடன்பட்டேன். குழி குண்டு இருந்தால் முன்னால் போகும் ராசா குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இனித் தையல். எங்கள் வளவுக்குள்ளேயே, பின்பக்கத்து வீட்டில் சின்னம்மா இருக்கிறார். அயலில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைப்பவர். காலையில் அவருடைய மெசின் ஓடத் தொடங்கினால்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததாகக் கணக்கு. மெசினைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதை அவர் ஒரு தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பின்னேரமும் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“எடி, உது தையலோ, கோழி நடந்த தடமோ?”

“கையாலை தைச்சால் இப்பிடித்தான் சின்னம்மா.”

“உன்ரை கையாலை தைச்சால் இப்பிடித்தான் எண்டு சொல்லு.”

ஒருவழியாகச் சட்டை முடிந்தது. ஞாயிறு, நல்லூரில், அண்ணை அதை வாங்கி மேசையில் விரித்தார். துணியைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். முடிச்சுக் கயிறுகளை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு அவர் சட்டையை உட்புறமாகத் திருப்பினார்.

உள்ளே, கமக்கட்டிலிருந்து இடுப்புவரை, ரோசா நிற நூலில் துல்லியமான ஓவர்லொக் மெசின் தையல் ஓடியிருந்தது.

அண்ணை அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். பிறகு ராசாக்களில் ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டார்: “ஓவர்லொக் ஒல்லாந்தர் கொண்டு வந்ததோ, வெள்ளைக்காரர் கொண்டு வந்ததோ?” அறை முழுதும் வெடித்துச் சிரித்தது. அண்ணையும் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன், ஆனால் சிரிப்பின் நடுவில் அந்தச் சாமரம் என் கண்முன்னே அசைந்தது.

“விழா அண்டைக்குக் காலமை இன்னொருக்காப் பாப்பன்” என்றார் அண்ணை கடைசியில். “அதுக்குப் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். சின்னம்மா மறைக்கவே இல்லை. “நீ வேலைக்குப் போன நேரம் எடுத்து அடிச்சனான். உள்ளுக்கைதானே, ஆர் பாக்கப்போகினம்?”

“அவர் உள்ளுக்கைதான் பாக்கிறவர், சின்னம்மா.”

“உந்தக் கோழித் தடத்தோடை நீ நெல்லியடிக்குப் போய் நிண்டால், எங்கடை வீட்டிலை ஒருத்திக்கும் ஊசி பிடிக்கத் தெரியாதெண்டு அங்கை சனம் கதையாதோ? பிள்ளை மைதானத்துக்கு நடுவிலை தையல் விட்டு நிண்டால் ஆருக்கு வெக்கம்?”

கோபிக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவர் சொன்னதில் நடுவில் தையல் விட்டு நிற்கும் பிள்ளை நான் என்பது விளங்கியதும் கோபம் எங்கோ போய்விட்டது. சாமரத்தைப் பற்றி, மைதானத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தான் அடித்த ரோசா நூலைத் தானே வெட்டத் தொடங்கினார். “சாமரமோ? எங்கடை பெட்டையோ? கொண்டு வா இஞ்சை.”

தைப்பதைவிடப் பிரிப்பது பெரிய வேலை. துணியின் ஓரம் பிசிறியது. ஒரு கை கிழிந்தே போயிற்று. அங்கேதான் கடைக்காரர் விட்டு வெட்டிய அந்த ஒரு முழம் கைகொடுத்தது. அதில் புதுக்கை வெட்டியும் மிச்சம் இருந்தது. பின்னேரங்களில் மூவரும் விறாந்தையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகத் தைத்தோம். அம்மாவுக்கு உடம்பு, சின்னம்மாவுக்கு இடக்கை, எனக்கு வலக்கை. யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் மட்டும் ஒரு ஒழுங்கும் இருக்கவில்லை. அம்மா தன் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் வாங்கிய குட்டுகளைப் பற்றிச் சொன்னார். சின்னம்மா தான் ஒரு குட்டும் வாங்கவில்லை என்றார். அம்மா அது பொய் என்றார்.

விழா நாள் காலையில் பஸ்ஸில் போனோம். அந்தச் சட்டையோடும் வெறுங்காலோடும் ஓலைப் பெட்டியோடும் நான். தேத்தண்ணிப் போத்தலோடும் ஊசிப் பேணியோடும் சின்னம்மா. “இவ்வளவு நாளும் தைச்சுப்போட்டு முடிவைப் பாக்காமல் விடுவனோ?” என்று கிளம்பிவிட்டிருந்தார்.

பாடசாலையின் சைக்கிள் கொட்டகைக்குள் அண்ணை நின்றார். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக, வங்கிக்காரர் எங்கோ மறைந்து உண்மையான கணக்கப்பிள்ளை நின்றார். நான் சின்னம்மாவின் மறைவில் நின்று, கொண்டுவந்த சால்வையைச் சுற்றிக்கொண்டு சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பினார். சட்டையின் உடம்புப் பகுதியை விரலால் தொட்டுப் போனார். “கைத்தையல்.” வலக்கை. “இது... ஓம், சந்தேகமே இல்லை, கைத்தையல்.” இடக்கை. விரல் நின்றுவிட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“இது மெசின்.”

“என்ன?” என்றார் சின்னம்மா.

“அம்மா, இவ்வளவு நேரா, இவ்வளவு ஒரே அளவா, கையாலை வராது. எனக்கும் கவலைதான். ஆனால்...”

“தம்பி, நான் ஊசியாலை தைச்சது. எனக்கு மெசினும் ஒண்டுதான், ஊசியும் ஒண்டுதான்!”

“நீங்கள் சொல்லுறதை நம்புறன். ஆனால் ஆதாரம்...” என்று அவர் சட்டையை உயர்த்திக் காட்டக் கையைத் தூக்கினார். அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளையின் அங்கி கமக்கட்டில் தொடங்கி விலாவரை பிளந்துகொண்டது. உள்ளே வங்கியின் பெயர் அச்சடித்த பெனியன் தெரிந்தது.

சின்னம்மா அவருக்குக் கிட்ட வந்தார். ஊசிப் பேணியைத் திறந்தார். “கையை இறக்காதையும் தம்பி. அப்பிடியே நில்லும்.” நூலைக் கோத்தார். அங்கி உடம்பில் இருக்கத் தைக்கத் தொடங்கினார். கை தூக்கியபடி கணக்கப்பிள்ளை அசையாமல் நிற்க, ஊசி ஒரு மெல்லிய சத்தத்தோடு ஏறி இறங்கியது. சைக்கிள் விட வந்த மாணவி ஒருத்தி நின்றாள், பிறகு இன்னொருத்தி, சற்று நேரத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது.

“மிஸ், அவருக்கு வலிக்காதோ?” என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

“அசைஞ்சால் வலிக்கும்” என்றார் சின்னம்மா.

அவர் முடித்து நூலைப் பல்லால் கடித்ததும் அண்ணை குனிந்து விலாவைப் பார்த்தார். பிறகு என் சட்டையின் இடக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே தையல். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சட்டையை நீட்டினார்.

“ஆதாரம் கிடைச்சிட்டுது. நீர் நடவும்.”

“சாமரம்?”

“ராசாவுக்கு வேர்த்தால் அவரே வீசட்டும்.”

நான் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனால் குதித்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். மைதானத்துக்குக் கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் போவதாக இல்லை. தாங்களும் தைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கடைக்காரரின் முழத்தில் மிஞ்சிய துண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சின்னம்மா சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். நான் என் சட்டையைப் பற்றிச் சொன்னேன்: இதை அணிய முடியாதிருந்தவர்களைப் பற்றி, அணிய விடாதவர்களைப் பற்றி, தையலோடு வேதாகமமும் படித்தவர்களைப் பற்றி. ஒரு பிள்ளை, “அப்ப அவையே தைச்சுப் போட்டவையோ?” என்று கேட்டுவிட்டுத் தன் கையிலிருந்த துண்டைப் புதிதாகப் பார்த்தாள். தள்ளி உட்கார்ந்திருந்தவர்களின் தையல் தெரியாமல், பிள்ளைகளைக் கண்டதும் கழற்றியிருந்த கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டபோது அண்ணை வாயைத் திறந்தார், சின்னம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

கடைசியில் அழைப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். முன்னால் மூன்று பளபளப்பான மங்கல்கள் போயின, அவைதான் ராசாக்கள். அடுத்து உயரமான ஒரு மங்கல், அது அண்ணை. அதற்குப் பின்னால் நான், சுடுமணலில் வெறுங்காலோடு, கையில் ஓலைப் பெட்டியோடு, ஒருவருக்கும் காற்று வீசாமல் நடந்தேன். பிள்ளைகள் இருந்த பக்கம் எனக்கு வெள்ளையாக ஒரு நீளக் கோடு மட்டுமே. ராசாக்களுக்குக் கைதட்டல் எழுந்தது. நான் கிட்ட வந்ததும் கைதட்டல் நின்று, ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. நான் நடையை நிறுத்தவில்லை. பிறகு அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது.

“அக்கா, உங்கடை வலக்கைத் தையல் கோணல்!”

“இடக்கைதான் வடிவு!” என்றது இன்னொரு குரல்.

மைதானமே சிரித்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னர் ஊசி பிடித்த பிள்ளைகள் அவர்கள். ராசாவின் சரிகையை விட்டுவிட்டு, ஒரு சாதாரணப் பெட்டையின் தையலை அவ்வளவு தூரத்திலிருந்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் வேண்டியதெல்லாம் அதுதான். வலக்கையை, கோழி நடந்த அந்தத் தடத்தோடு, எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தேன்.